அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘ரியாக்டிவ்’: தடுப்பூசியா, தெரியாமல் வந்துபோன கொரோனாவா? (2022 ஆகஸ்ட் உரையாடல்)

மாடித்தோட்டம்:
எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. தெரிந்தவர்கள் யாராவது தீர்த்து வையுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. 2022 ஜனவரி அலையில் அப்பா, நான், தம்பி என்று வரிசையாகப் படுத்தோம். மூன்று பேருக்கும் பிசிஆர் பாசிட்டிவ். அம்மாவுக்கு மட்டும் ஒரு நாள் தொண்டை கரகரத்தது, அதோடு சரி. எங்களுக்குக் கஷாயம் வைத்ததும் அவர்தான், எங்கள் தட்டைக் கழுவியதும் அவர்தான். மூக்கில் குச்சி விட மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அன்றிலிருந்து “எனக்கு வரவே இல்லை” என்பது தெருவில் அவர் வாங்கிய பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க ஒரு லேபில் முழு உடல் பேக்கேஜ் எடுத்தோம். நாங்கள் கேட்காமலே ‘கோவிட் ஆன்டிபாடி’ (நோயை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்) என்று ஒரு டெஸ்டைச் சேர்த்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ‘ரியாக்டிவ்’, அதாவது அது ரத்தத்தில் இருக்கிறதாம். பக்கத்தில் ‘250க்கு மேல்’. நார்மல் 0.8க்குக் கீழே இருக்க வேண்டுமாம். அம்மா கணக்குப் போட்டு “முந்நூறு மடங்கு ஏறிப்போயிருக்கே” என்று சரியாகச் சாப்பிடுவதில்லை.

2021 மார்ச் கடைசியிலும் ஜூன் கடைசியிலும் இரண்டு கோவிஷீல்டு போட்டவர். இப்போது, 2022இல், பூஸ்டர் இலவசமாகப் போடுகிறார்களே என்று கூட்டிப்போக இருந்தேன். அதற்குள் இது. அவருக்கு வந்துபோனதா, இல்லையா?

சந்தேகராமன்:
வந்துபோனது, வேறென்ன. வீட்டில் மூன்று பேருக்கு வந்து நாலாவது ஆளுக்கு வராமலா இருக்கும்? டெஸ்டே தேவையில்லை. இதெல்லாம் லேப்காரர்கள் பில்லை ஏற்றும் வேலை.

மஞ்சள்மூடி:
ராமன் சார், கொஞ்சம் பொறுங்கள். பில் விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து ‘வந்துபோனது’ என்று சொல்லவே முடியாது.

பதினாலு வருஷமாக லேபில் இருக்கிறேன். கட்-ஆஃப் (ரியாக்டிவா இல்லையா என்று பிரிக்கும் எல்லை) 0.8, உச்சம் 250 என்றால் அது ரோஷ் கம்பெனியின் ‘எஸ்’ டெஸ்ட். மெஷின் நேராகப் படிக்கிற எல்லை 250 வரைதான். அதற்கு மேல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் செரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) நீர்க்கச் செய்து இன்னொரு முறை ஓட்ட வேண்டும். பேக்கேஜ் காசுக்கு யாரும் அதைச் செய்வதில்லை. தராசு முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். 260ஆ, 20,000ஆ என்று அந்தத் தாளுக்கே தெரியாது. அதனால் அம்மாவின் முந்நூறு மடங்குக் கணக்கை முதலில் தள்ளுபடி செய்யுங்கள். இது சர்க்கரை மாதிரி ஏறினால் ஆபத்து என்கிற எண்ணும் இல்லை.

அடுத்து, அந்த எஸ் என்பது என்ன என்று பாருங்கள். வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கிறதே, அந்த ஸ்பைக் புரதம். கோவிஷீல்டில் கொரோனா வைரஸே கிடையாது. சிம்பன்ஸியைத் தாக்கும் ஓர் அடினோ வைரஸை முடமாக்கி, அதற்குள் ஸ்பைக்கின் மரபணுவை மட்டும் வைத்து அனுப்புகிறார்கள். உடம்பு முள்ளைச் செய்து பார்த்து, முள்ளுக்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி தயாரிக்கிறது. இரண்டு ஊசி போட்ட ஒருவருக்கு எஸ் டெஸ்ட் ரியாக்டிவ் என்றால் ஊசி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கூடவே நோயும் வந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை.

நிஜமாக வைரஸ் உள்ளே வந்து பெருகினால் முள்ளோடு சேர்த்து மற்ற பாகங்களையும் உடம்பு பார்த்துவிடும். அதில் முக்கியமானது ‘என்’, அதாவது நியூக்ளியோகேப்சிட். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைச் சுற்றிப் பொதிந்திருக்கும் புரதம். கோவிஷீல்டில் அது துளியும் இல்லை. ஆகவே ‘என்’ ஆன்டிபாடி இருந்தால் வைரஸ் வந்துபோயிருக்கிறது.

கூத்து என்னவென்றால், ஒரே கம்பெனி இரண்டையும் விற்கிறது, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒன்றின் வாலில் மட்டும் ‘எஸ்’ என்று ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் 2021இல் பல வாரங்கள் பில்லில் ஒன்றும் ரிப்போர்ட்டில் இன்னொன்றுமாகப் போனது. கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

மாடித்தோட்டம்:
அப்பாடா. படித்துக் காட்டினேன். “அப்போ எனக்கு வரலை” என்று உடனே காபி கேட்டுவிட்டார்.

மஞ்சள்மூடி:
அதுவும் இல்லை! இந்த ரிப்போர்ட் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்கிறேன். காபி குடிக்கட்டும், பரவாயில்லை.

இரவுப்பணி:
நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்கு இந்த ‘எந்தப் பாகத்துக்கு எதிரான ஆன்டிபாடி’ சமாசாரம் கொரோனாவுக்கு முன்பே மனப்பாடம். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி எங்கள் கையில் குத்திவிட்டால் முதலில் பார்ப்பது ஹெபடைடிஸ் பி. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேற்பரப்புப் புரதம் மட்டும், அதையும் ஈஸ்ட்டில் வளர்த்து எடுக்கிறார்கள். எனவே தடுப்பூசி போட்டவருக்கு அந்த மேற்பரப்புக்கு எதிரான ‘ஆன்டி எச்பிஎஸ்’ மட்டும் வரும். அது 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. வைரஸின் உட்பகுதிக்கு எதிரான ‘கோர்’ ஆன்டிபாடியும் சேர்ந்து வந்தால் அந்த ஆளை வைரஸ் எப்போதோ தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. தடுப்பூசியில் கோர் கிடையாது அல்லவா. கொரோனாவுக்கு எஸ், என் என்று சொன்னதும் எங்கள் வார்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு விஷயம். எல்லா நோய்க்கும் இப்படிப் பிரிக்க முடியாது. மணல்வாரி அம்மைக்குப் போடுவது உயிருள்ள, வீரியம் குறைத்த முழு வைரஸ். ஐஜிஜி (நீண்ட நாள் தங்கும் ஆன்டிபாடி) இருந்தால் ஊசியா, சின்ன வயசில் வந்த மணல்வாரியா என்று அந்த டெஸ்ட் சொல்லாது.

எட்டாம்நம்பர்வீடு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டுக் கதை இன்னும் சிக்கல். பெரியவள் பிளஸ் ஒன், பள்ளியிலேயே கோவேக்சின் போட்டார்கள். சின்னவன் எட்டாம் வகுப்பு, அவனுக்குக் கோர்பிவாக்ஸ். இரண்டு பேருக்கும் ஜூனில் காய்ச்சல் வந்து போனது, யாருக்கும் டெஸ்ட் எடுக்கவில்லை. இப்போது ‘என்’ டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா?

வெள்ளையங்கி:
நல்ல கேள்வி. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் பதில் வேறு வேறு.

சின்னவனுக்கு அந்த டெஸ்ட் செல்லும். கோர்பிவாக்ஸில் இருப்பது ஸ்பைக்கின் ஒரு துண்டு மட்டும். செல்லின் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும் இடம். அதில் ‘என்’ புரதம் இல்லை.

பெரியவளுக்குச் செல்லாது. கோவேக்சின் என்பது முழு வைரஸையும் வளர்த்து, கொன்று, ஊசியில் ஏற்றியது. முள்ளும் உண்டு, ‘என்’ புரதமும் உண்டு. ரியாக்டிவ் வந்தால் ஊசியால் வந்ததா காய்ச்சலால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சரி, நெகட்டிவ் வந்தால் நோய் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நான் குழந்தை மருத்துவன். 2021இல் இரண்டாம் அலை ஓய்ந்தபின் குழந்தைகளுக்கு விடாத காய்ச்சல், சிவந்த கண், வயிற்றுவலி, இதயத்தில் வீக்கம் என்று எம்ஐஎஸ்-சி வந்தது நினைவிருக்கும். நோய் வந்து சில வாரம் கழித்து வருவதால் பிசிஆர் பல சமயம் நெகட்டிவாகவே இருக்கும். அப்போது ஆன்டிபாடி டெஸ்ட்தான் கைகொடுத்தது. குழந்தைகளுக்கு அன்று ஊசியே இல்லை, எந்த டெஸ்ட் எடுத்தாலும் பதில் கிடைத்தது. இன்று அப்படி ஒரு குழந்தை வந்தால் எத்தனையோ கேள்விகளோடு “என்ன ஊசி போட்டீர்கள்?” என்றும் கேட்கிறேன். கைக்குழந்தை என்றால் தாயிடமும் கேட்க வேண்டும். தாயின் ஐஜிஜி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். பிறந்து நாற்பது நாளான குழந்தைக்கு எஸ் ரியாக்டிவ் என்றால் அது தாய்க்குப் போட்ட ஊசியாகவும் இருக்கலாம்.

எட்டாம்நம்பர்வீடு, உங்கள் பிள்ளைகள் இருவரும் இப்போது ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ரத்தம் எடுக்க வேண்டாம். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

நல்லூரான்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் டொக்டர். இங்கே பெரும்பாலானோருக்குச் சைனோஃபார்ம்தான் போட்டவை. எனக்கும் இரண்டும் அதுதான், பிறகு பூஸ்டர் ஃபைசர். அப்ப எங்கட நிலைமையும் அந்தப் பெரிய பிள்ளையின் நிலைமைதானா? சைனோஃபார்மும் கொன்ற முழு வைரஸ் என்று கேள்விப்பட்டனான்.

வெள்ளையங்கி:
அதேதான். சைனோஃபார்ம், சைனோவேக், கோவேக்சின் மூன்றும் ஒரே குடும்பம். உங்களுக்குப் பூஸ்டராகப் போட்ட ஃபைசர் முள்ளை மட்டும் கொடுப்பது, அதனால் ‘என்’ கணக்கில் புதிதாக எதையும் கூட்டாது. ஆனால் முதலில் போட்ட இரண்டும் கணக்கைக் குழப்பிவிட்டன. காய்ச்சலுக்கு முன் ஒரு ரத்தம், பின் ஒரு ரத்தம் எடுத்து வைத்திருந்தால் ‘என்’ அளவு பல மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஆராய்ச்சியில் அப்படிச் செய்வார்கள். வீட்டில் யார் ரத்தத்தை எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்?

கொன்ற வைரஸ் ஊசியிலும் இல்லாத புரதங்கள் சில உண்டு. ஓஆர்எஃப்8 மாதிரி, வைரஸ் செல்லுக்குள் பெருகும்போது மட்டும் தயாராகிறவை. அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடலாமே என்று ஆய்வுகள் நடக்கின்றன. தெருமுனை லேபில் கேட்டால் முழிப்பார்கள்.

கோமாரி_டாக்டர்:
வணக்கம். மாட்டு டாக்டர் ஒருவன் மனுஷ டாக்டர்கள் கூட்டத்தில் நுழைகிறேன். நீங்கள் ஆய்வு நடக்கிறது என்று சொல்கிற அந்த ஐடியாவில்தான் நாங்கள் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறோம்.

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடுகளுக்கு ஊசி. மத்திய அரசு 2019இல் பெரிய திட்டமாகத் தொடங்கி, 2030க்குள் நோயை ஒழிப்பது என்று இலக்கும் வைத்திருக்கிறது. ஊசி போட்ட ஊரில் எந்த மாட்டைப் பார்த்தாலும் ஆன்டிபாடி இருக்கும். அப்புறம் வைரஸ் இன்னும் ஊருக்குள் சுற்றுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோமாரி ஊசியும் கொன்ற வைரஸ்தான், கோவேக்சின் மாதிரி. ஆனால் தயாரிக்கும்போதே வைரஸின் மேலோட்டை மட்டும் நிறுத்திக்கொண்டு, வைரஸ் பெருகும்போது உருவாகும் மற்ற புரதங்களைச் சுத்தம் செய்து எடுத்துவிடுகிறார்கள். ஊசி போட்ட மாட்டுக்கு மேலோட்டுக்கு எதிரான ஆன்டிபாடி வரும். நோய் வந்த மாட்டுக்குத்தான் அந்த இன்னொரு வகைப் புரதத்துக்கும் வரும். எலைசா என்கிற ஆன்டிபாடி தேடும் ரத்தப் பரிசோதனையில் அதைத் தேடுகிறோம். ஊசியையும் நோயையும் இப்படிப் பிரித்தறிவதற்கு ‘டைவா’ என்று பெயர்.

சுத்தம் சரியில்லாத ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் நோய் வராத மாட்டுக்கும் லேசாகத் தெரியும், அது ஒரு தலைவலி. ஊசி போட்ட மாட்டுக்கு நோய் வந்தாலும் வைரஸ் அதிகம் பெருகாததால் சில மாடுகளில் டெஸ்ட் காட்டாமல் ஏமாற்றும், அது இன்னொன்று. அதனால் தனி மாட்டை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. மந்தைக்குத்தான் பதில் சொல்வோம். “என் லட்சுமிக்கு வந்துச்சா?” என்று கேட்டால் “தெரியாதுங்க, ஆனா உங்க ஊருக்கு வந்திருக்கு” என்போம்.

வெள்ளையங்கி:
மாட்டு டாக்டர் சார் நான் எழுத இருந்ததைப் பாதி எழுதிவிட்டார். அந்த “வைரஸ் அதிகம் பெருகாததால்” என்பதுதான் மாடித்தோட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியது.

மாடர்னா ஊசியின் பெரிய சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பிசிஆர் மூலம் நோய் உறுதியானவர்களில் எத்தனை பேருக்குப் பிறகு ‘என்’ ஆன்டிபாடி வந்தது என்று பார்த்தார்கள். டம்மி ஊசி போட்டிருந்த 648 பேரில் 93 சதவீதத்தினருக்கு வந்திருந்தது. நிஜ ஊசி போட்டிருந்த 52 பேரில் 40 சதவீதத்தினருக்கு மட்டுமே வந்திருந்தது. மூக்கில் வைரஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ‘என்’ வரும் வாய்ப்பும் அதிகம். ஊசி போட்டவர் உடம்பில் வைரஸ் வேகமாக அடக்கப்பட்டுவிடுகிறது, ‘என்’ புரதத்தை உடம்பு சரியாகப் பார்ப்பதற்குள் விருந்தாளி கிளம்பிவிடுகிறார். 52 என்பது சின்ன எண்ணிக்கைதான், ஊசியும் வேறு. கோவிஷீல்டுக்கும் இதே 40 என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திசை அதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஊசி போட்ட 1000 பேர், அவர்களில் 400 பேருக்கு உண்மையில் நோய் வந்துபோனது என்று வையுங்கள். டெஸ்ட் 40 சதவீதத்தைப் பிடித்தால் 160 பேர் ரியாக்டிவ். நோய் வராத 600 பேரில் ஓரிருவர் தவறாக ரியாக்டிவ் ஆகலாம். ஆக ரியாக்டிவ் என்று வந்தால் கிட்டத்தட்ட அத்தனையும் நிஜம். நெகட்டிவ் வந்த சுமார் 840 பேரிலோ 240 பேர் நோய் வந்துபோனவர்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எனவே அம்மாவுக்கு ‘என்’ டெஸ்ட் எடுத்தால், ரியாக்டிவ் வந்தால் நம்புங்கள். நெகட்டிவ் வந்தால் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

சந்தேகராமன்:
அப்படியென்றால் மக்கள் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சீரோ சர்வே என்று பேப்பரில் போட்டதெல்லாம் என்ன? 2021இல் நாட்டில் 67 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி, மக்களுக்கு வந்துபோய்விட்டது என்றார்கள். ஊசி போட்டவர்களையும் சேர்த்துப் போட்டு ஊதிப் பெருக்கிய எண்தானே?

எண்கணக்கு:
நியாயமான கேள்வி, ஆனால் ஊதிப் பெருக்கியது இல்லை. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாலாவது சர்வே, 2021 ஜூன், ஜூலை, 70 மாவட்டங்கள். மொத்தம் 67.6 சதவீதம். ஊசி போடாதவர், ஒன்று போட்டவர், இரண்டு போட்டவர் என்று பிரித்தும் வெளியிட்டார்கள். ஒரு தவணைக்காரர்களில் 81, இரண்டு தவணைக்காரர்களில் 89.8. ஊசியே போடாதவர்களில் 62.3. அந்தக் கடைசி எண்ணுக்கு ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. முதல் அலையும் டெல்டா அலையும் செய்த வேலை அது.

முதல் சர்வே 2020 மே, ஜூனில், வெறும் 0.73 சதவீதம். அன்று புனே வைராலஜி நிறுவனம் உருவாக்கிய எலைசா. அதில் பிடிக்கும் பொருளாக முழு வைரஸையே வைத்திருந்தார்கள். எதற்கு எதிரான ஆன்டிபாடி என்று அது பிரிக்காது. ஊசி இல்லாத காலத்தில் பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஊசி வந்தபின் நிலைமை மாறிவிட்டது. இங்கிலாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் ரத்தத்தில் எஸ், என் இரண்டையும் தனித்தனியாக ஓட்டி இரண்டு கோடுகளாக வரைந்தார்கள். எஸ் கோடு ஊசியோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் நிற்கும். ‘என்’ கோடு கீழே தன் பாட்டுக்கு நோயைத் தொடர்ந்து ஏறும். இந்தியாவில் அந்த இரண்டாவது கோட்டை அப்படியே வரைய முடியாது, கோவேக்சின்காரர்கள் ஊடே இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த டெஸ்டின் உண்மையான இடம் அங்கேதான், ஊர் கணக்கில். மாட்டு டாக்டர் சொன்ன மந்தை.

சந்தேகராமன்:
62.3 ஊசி போடாதவர்களுக்கு மட்டும் என்பது எனக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். பேக்கேஜ் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

இரவுப்பணி:
அதில் நானும் உங்கள் பக்கம். 250 இருக்கிறதே, பூஸ்டர் எதற்கு என்று கேட்டு வருகிறவர்கள் தினமும் நாலு பேர். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாதமே சொன்னது, ஊசி போட்டபின் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்க்க இந்த டெஸ்டை எடுக்காதீர்கள் என்று. ஹெபடைடிஸ் பிக்கு 10 என்று கோடு போட்டிருக்கிற மாதிரி கொரோனாவுக்கு யாரும் கோடு போடவில்லை.

மாடித்தோட்டம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லாரும் வேண்டாம் என்றீர்கள், அம்மா வேண்டும் என்றார். யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வேறொரு லேபுக்குப் போனோம். கவுண்டரில் “நியூக்ளியோகேப்சிட்” என்று நான் எழுத்துக்கூட்டிச் சொல்ல, அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள், மாலையில் ரிப்போர்ட். ‘நான்-ரியாக்டிவ்’, 0.62. கட்-ஆஃப் 1.0.

மஞ்சள்மூடி:
0.62ஆ? சுவாரசியம்.

சட்டப்படி அது நெகட்டிவ், நானும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் இந்த மெஷினில் வைரஸைப் பார்க்காதவர்களின் ரத்தம் பெரும்பாலும் 0.1ஐ ஒட்டித்தான் வரும். எங்கள் ஊரில் 2020 கடைசியில் ஓட்டிய நெகட்டிவ் எல்லாம் 0.08, 0.09 என்று வரிசையாக நிற்கும். 0.62 அந்த வரிசையில் நிற்கிற ஆள் இல்லை. ஊசி போட்டவர்களுக்குக் கட்-ஆஃபைக் குறைக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதனால்தான் பேசுகிறார்கள். ஜனவரியில் லேசாக வந்து, ‘என்’ ஆன்டிபாடி கொஞ்சமாக உண்டாகி, அது கோட்டைத் தாண்டாமலே போயிருக்கலாம். ஏதோ ஒன்று குறுக்கே ஒட்டியும் இருக்கலாம். கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் ‘வந்துபோனது’ என்பேன். ரிப்போர்ட்டில் அப்படி எழுத மாட்டேன்.

வெள்ளையங்கி:
நானும் அதே. ஒரு நாள் தொண்டைக் கரகரப்பையும் அந்தத் தட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்வேன். எப்படியானாலும் பூஸ்டரைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. நோய் வந்தால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பது இப்போதைய (2022) விதி, ஜனவரியிலிருந்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

மாடித்தோட்டம்:
அம்மாவிடம் 0.1 வரிசை, 40 சதவீதம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நான்-ரியாக்டிவ்னு அச்சுல போட்டிருக்கா இல்லையா?” என்றார். “போட்டிருக்கும்மா, ஆனா...” “அந்த ஆனா எல்லாம் நீயே வெச்சுக்கோ.” ரிப்போர்ட் இப்போது பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு மாமிக்கு ஒருமுறை எடுத்துக் காட்டியாயிற்று.

பூஸ்டர் சனிக்கிழமை போட்டாயிற்று. கை வலிக்கிறதாம்.

சந்தேகராமன்:
முதல் லேபில் அந்த எஸ் டெஸ்டுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கேட்டீர்களா?

மாடித்தோட்டம்:
கேட்டேன் சார். பேக்கேஜில் அது இலவசமாம்.